தாதிமைக் கல்லூரிக்கு முந்திய வருடம்: சம்பளம், ஷிப்ட், பாடப்புத்தகம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பிள்ளை "நான் மிஸ்ஸி (தாதி) ஆகப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "காலேஜுக்கு எவ்வளவு ஆகும்?" என் வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். கட்டணத்துக்குக் கடன் உண்டு, அதை வாங்க வழியும் உண்டு. என்னை மூச்சுத் திணற வைத்தது அதற்கு முந்திய காலம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை மறுபடி எழுதப் பதிவதில் தொடங்கி, கல்லூரியில் சேர்ந்து கடன் பணம் முதல் தடவை கைக்கு வரும் வரைக்கும் ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்கு உபகாரச் சம்பளம் கிடையாது, கல்விக் கடனும் கிடையாது. வேலை செய்து, வீட்டுக்கும் கொடுத்து, மிச்சம் பிடித்து, அதோடு படித்து முடிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் யாரும் இல்லை. எது முதலில், எது பிறகு என்று சொல்ல ஆள் இல்லாமல் பணமும் போனது, ஒரு வருடமும் போனது. இப்போது எங்கள் பக்கத்தில் தயாராகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தகுதி. தாதிமை டிப்ளோமா 3 வருடப் படிப்பு. அதற்கு நெடுநாளாகக் கேட்கப்படுவது எஸ்.பி.எம்.மில் 5 கிரெடிட்: மலாய், கணிதம், ஏதாவது ஓர் அறிவியல் பாடம், அவற்றோடு வேறு 2 பாடங்கள். ஆங்கிலத்தில் தேர்ச்சி இருந்தால் போதும். கிரெடிட் என்றால் சி அல்லது அதற்கு மேல். டி, இ இரண்டும் பாஸ்தான், ஆனால் கிரெடிட் கணக்கில் சேராது. "எல்லாத்துலயும் பாஸ் பண்ணிட்டா" என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. கவுண்டரில் திருப்பி அனுப்பும்போதுதான் தெரிகிறது. அந்த "வேறு 2 பாடங்கள்" இடத்தில் தமிழ்மொழி, வரலாறு, நன்னெறிக் கல்வி எல்லாம் வரலாம். தமிழ்மொழிப் பாடத்தை ஐந்தாம் படிவத்தில் விட்டுவிடச் சொல்லி யாராவது அறிவுரை கூறினால் கேட்காதீர்கள். நம் பிள்ளைகள் நம்பி எழுதக்கூடிய கிரெடிட் அது. சேர்க்கை விதிகள் அவ்வப்போது மாறுவதால், நீங்கள் சேரப்போகும் தவணையின் அறிவிப்பை வைத்தே முடிவு செய்யுங்கள். போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கிரெடிட் குறைந்தால் எந்தப் பாடம் என்பதைப் பொறுத்து வழி மாறும். மலாய்க்கும் வரலாற்றுக்கும் எஸ்.பி.எம். உலாங்கான் என்ற மறுதேர்வு தனியாக நடக்கிறது. அறிவியல் பாடம் என்றால் தனியார் வேட்பாளராகப் பதிந்து, அந்த வருடத்துப் பெரிய தேர்விலேயே எழுத வேண்டும். பதிவு தேர்வுக்குப் பல மாதம் முன்பே திறந்து மூடிவிடும். எனக்கு ஒரு வருடம் போனது இங்கேதான். பள்ளியை விட்டு வந்தவர்களுக்கு அந்தத் தேதியை யாரும் தேடி வந்து சொல்வதில்லை. படிவம் ஐந்து மாணவர்களுக்குப் பள்ளியே பதிந்துவிடுகிறது. வெளியே இருப்பவர்கள் தேர்வு வாரியத்தின் இணையதளத்தைத் தாங்களாகவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரிசல்ட் வந்த வாரமே பேராக் மாநிலக் கல்வி இலாகாவுக்குப் போன் போட்டு, தனியார் வேட்பாளர் பதிவு எப்போது என்று கேட்டுக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பதிவு மூடிய பிறகு போய் நின்று அழுதாலும் ஒன்றும் நடக்காது. நான் அழுதிருக்கிறேன்.

வேலை செய்துகொண்டே கணிதம் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முழுப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் மூன்றாவது பாடத்தில் நின்றுவிடுவீர்கள். முதல் தாள் 40 புறவயக் கேள்வி. இரண்டாம் தாளுக்கு 100 மதிப்பெண், வழிமுறை எழுதினால் கொஞ்சம் மதிப்பெண்ணாவது கிடைக்கும். சி வாங்குவது இலக்கு என்றால் கணங்கள், அணிகள், புள்ளியியல், நிகழ்தகவு, இயக்க வரைபடம், காப்புறுதி, வரி ஆகியவற்றை முதலில் பிடியுங்கள். காப்புறுதியும் வரியும் ஐந்தாம் படிவப் பாடங்கள். கணக்கு நீளமாகத் தெரியும், ஆனால் கூட்டல் கழித்தல் சதவிகிதத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். முக்கோணவியல் வரைபடத்தையும் கணிதவியல் மாதிரியையும் கடைசிக்கு வைக்கலாம். பழைய தாள்களை நேரம் வைத்து எழுதுவதுதான் பயிற்சி. விடையைப் பார்த்து "ஆமா, தெரியும்" என்று தலையாட்டுவது பயிற்சியில் சேராது.

அடுத்தது வேலை. தோட்டத்து டவுனில் பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது தொழிற்சாலை, சூப்பர்மார்க்கெட், பெட்ரோல் ஸ்டேஷன், கிளினிக், முதியோர் இல்லம். தொழிற்சாலையில்தான் ஓவர்டைம் இருக்கிறது, அதனால் எல்லாரும் அங்கே ஓடுகிறோம். கணக்கைப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு, அதை 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. சாதாரண நாளில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 12 வெள்ளி 25 காசு. மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் 490 வெள்ளி சேரும். அந்த 40 மணி நேரம் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் போகவேண்டிய நேரம். தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஓவர்டைம் எடுக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் நிறுத்திவிட வேண்டும். அதை முன்கூட்டியே சூப்பர்வைசரிடம் சொல்லிவைத்தால் ஆள் மாற்ற அவருக்கும் வசதி. 2023 ஜனவரி முதல் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை, அதற்கு மேல் போவது ஓவர்டைம், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கட்டாயம். அந்த ஓய்வு நாளையும் இரட்டைச் சம்பள ஆசையில் விற்றுவிட்டால் படிக்க நாளே இருக்காது.

என்னைக் கேட்டால் ஐம்பது நூறு குறைந்தாலும் கிளினிக் வேலை நல்லது என்பேன். மருந்துப் பெயர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், பிரஷர் எடுக்கப் பழகலாம், நோயாளியிடம் மூன்று மொழியில் பேசப் பழகலாம், நேர்காணலில் சொல்ல விஷயமும் இருக்கும். கிளினிக்கில் இரவு ஷிப்ட் இல்லாவிட்டால் தூக்கமும் கெடாது. தொழிற்சாலைதான் கிடைத்தது என்றால் பகலும் இரவும் மாறி மாறி வரும் வாரங்களில் ஒரே கால அட்டவணையை வைத்துக்கொள்ளாதீர்கள், அது உடைந்து மனசும் உடையும். பகல் ஷிப்ட் வாரத்தில் வீட்டுக்கு வந்து குளித்ததும் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் புதுப் பாடம் வேண்டாம், பழையதைத் திருப்பிப் பாருங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து நேரே தூங்கி, மதியத்துக்கு மேல் எழுந்து, வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் புதுப் பாடம் படியுங்கள். இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியைப் பத்துத் தடவை படிப்பீர்கள். அந்தத் தூக்கக் கலக்கத்தில் மோட்டார் ஓட்டுவது அதைவிட ஆபத்து. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும் ரோட்டில் விடியற்காலையில் கண் அசந்தால் படிப்பு கிடிப்பு எல்லாம் அதோடு போச்சு. தொழிற்சாலை பஸ் இருந்தால் பஸ்ஸில் போங்கள்.

லயத்து வீட்டில் படிப்பதற்கு இடமும் ஒரு பிரச்சினை. டிவி சத்தம், பக்கத்து வீட்டுப் பேச்சு, தங்கச்சி தம்பி. திருவிழா மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம். பொது நூலகம் இருந்தால் ஓய்வு நாளில் அங்கே போய்விடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிடித்து மாலையில் ஒரு வகுப்பறையில் உட்கார அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்கத்தான் நமக்குக் கூச்சம். "படிச்சு முடிச்சுட்டு வந்தவ மறுபடி பள்ளிக்கூடத்துல என்ன பண்றா?" என்று பேசுவார்கள். அந்தப் பேச்சு எனக்கு வலித்தது, மறைக்க விரும்பவில்லை. ஒத்த வயதுப் பிள்ளைகள் சம்பளத்தில் புதுக் கைப்பேசியும் மோட்டாரும் வாங்கும்போது நான் மட்டும் நான்காம் படிவப் புத்தகத்தோடு நிற்பது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இனி காசு. 1,700 வெள்ளி சம்பளத்தில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலை காப்புறுதியும் சேர்த்து ஒரு 12 வெள்ளி. கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. அதில் வீட்டுக்குக் கொடுப்பது, பெட்ரோல், சாப்பாடு, கைப்பேசி எல்லாம் போக மாதம் 350 வெள்ளி ஒதுக்க முடிந்தால் ஒன்பது மாதத்தில் 3,150 வெள்ளி ஆகும். அந்தத் தொகையைச் சும்மா சொல்லவில்லை. கல்லூரியில் சேர்வதற்கு முன்னும் சேர்ந்த உடனேயும் கையிலிருந்து போகிற பணம் இருக்கிறது: பதிவுக் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம், மருத்துவப் பரிசோதனை, சீருடை, வெள்ளைக் காலணி, விநாடி முள் உள்ள கடிகாரம், புத்தகம். அதற்கு ஒரு 1,500 என்று வையுங்கள். பிறகு கடன் பணம் வரும்வரை சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் மாதம் 500 என்று மூன்று மாதத்துக்கு 1,500. அந்த மூன்று மாதச் சாப்பாட்டுக் காசை யாரும் எனக்குச் சொல்லவில்லை. படிப்புக் கடன் கிடைத்த பிள்ளைகளே அந்த மாதங்களில் மெகி மீயைத் தின்று வார்டில் தலை சுற்றி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குக் கொடுக்கும் தொகையை முதல் சம்பளத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். "மா, மாசம் இவ்வளவு தர்றேன், காலேஜ் போனதும் தர முடியாது, அதுக்குள்ள வீட்டுச் செலவ எப்படின்னு பாத்துக்குவோம்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நம் சம்பளத்தை நம்பி வீட்டில் ஒரு தவணை தொடங்கிவிடுவார்கள், குளிர்சாதனப் பெட்டியோ அண்ணனின் மோட்டாரோ. பிறகு வேலையை விடும்போது சண்டைதான் மிஞ்சும். சேர்க்கிற பணத்தைச் சம்பளக் கணக்கிலேயே விடாதீர்கள். பி.எஸ்.என். போல ஊரில் கிளை உள்ள வங்கியில் வேறொரு கணக்கு திறந்து, அட்டையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டு (சீட்டு) பிடிக்கிறவர்கள் வருவார்கள், நல்லவர்களாகவும் இருப்பார்கள். ஆனால் கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. தலைமை தாங்குகிறவர் ஊரை விட்டுப் போய்விட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பது பெரும்பாடு. கல்லூரிக் காசை அதில் போடாதீர்கள். அவசரம் என்று உரிமம் இல்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உரிமம் பெற்ற வட்டிக்காரருக்கே அடமானம் இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காடுதான் உச்சவரம்பு. வாரக் கணக்கில் வட்டி கேட்பவரிடம் உட்காரவே கூடாது.

நான் 850 வெள்ளி இழந்தது ஒரு ஏஜெண்டிடம். வாட்ஸாப்பில் தாதியர் சீருடை போட்ட படம், "எஸ்.பி.எம். ரிசல்ட் பிரச்சினை இல்லை, ஒரே வருடத்தில் நர்சிங்" என்று எழுத்து, இடம் பிடிக்க முன்பணம். பணம் கட்டிய பிறகுதான் அது நோயாளி பராமரிப்பு உதவியாளர் சான்றிதழ் என்று தெரிந்தது. அந்த வேலையும் மரியாதையான வேலைதான், தேவையான வேலைதான். ஆனால் அதைப் படித்து முடித்தால் பதிவு பெற்ற தாதி ஆக முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பதிலே வரவில்லை. பல இரவு தூங்காமல் கிடந்தேன். அது அப்பா ஓவர்டைம் பார்த்துக் கொடுத்த காசு. இதில் கவனிக்க வேண்டியது: மலேசியாவில் தாதி என்று வேலை செய்ய 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு வேண்டும். அதற்கு வாரியத் தேர்வில் தேற வேண்டும், அந்தத் தேர்வு எழுத வாரியம் அங்கீகரித்த கல்லூரியில் படித்திருக்க வேண்டும். ஆகவே எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இரண்டு இடத்தில் சரிபாருங்கள்: மலேசியத் தகுதி முகவத்தின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் அதே கல்லூரி, அதே வளாகத்தோடு இருக்கிறதா, தாதியர் வாரியம் அந்தக் கல்லூரியை ஏற்றிருக்கிறதா. ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள், கல்லூரியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். யாராவது ஏமாற்றிவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. எனக்கு இது தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது.

கல்லூரி மூன்று வகை. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் இடம் கிடைத்தால் கட்டணம் இல்லை, பயிற்சிப் படி உண்டு, முடித்ததும் அரசாங்கத்தில் வேலை செய்ய ஒப்பந்தம் இருக்கும். போட்டி கடுமை, 5 கிரெடிட் வைத்திருந்தாலும் போதாமல் போகலாம். ஆனாலும் ஒவ்வொரு தவணையும் விண்ணப்பியுங்கள். இரண்டாவது, தனியார் மருத்துவமனைக் குழுமங்கள் ஆதரவு கொடுத்துப் படிக்க வைப்பது. அதில் முடித்த பிறகு சில வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும், இடையில் விட்டால் பணம் திருப்பிக் கட்ட வேண்டும், பெற்றோரோ உறவினரோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் அவசரமாகக் கையெழுத்து வாங்காதீர்கள். எத்தனை வருடம், உடம்பு சரியில்லாமல் படிப்பு நின்றால் என்ன, தேர்வில் தவறினால் என்ன, சம்பளம் அந்த வருடங்களில் எவ்வளவு, இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். மூன்றாவது, கடன் வாங்கித் தனியார் கல்லூரி.

கடன் என்றால் நமக்குப் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன். அதற்கு முதலில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். கல்லூரியில் சேர்வதற்கு முன்பே திறந்துவிடலாம், திறக்க வேண்டும். படிப்பு தகுதி முகவத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உச்ச அளவு கிடைக்கும், வருமானம் ஏற ஏற அளவு குறையும். ஆகவே அப்பா அம்மாவின் எஸ்.டி.ஆர். தகவல் சரியாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். வருடத்துக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். பணம் கல்லூரிக் கட்டணத்துக்குப் போய் மிச்சம்தான் மாணவர் கணக்குக்கு வரும், அதுவும் விண்ணப்பம், ஒப்பந்தக் கையெழுத்து, கல்லூரியின் உறுதிப்படுத்தல் எல்லாம் முடிந்த பிறகு. விளம்பரத்தில் "முழுக் கடன்" என்று இருந்தாலும் ஹாஸ்டல், சீருடை, வாரியத் தேர்வுக் கட்டணம், மருத்துவமனைக்குப் போகும் பஸ் ஆகியவை அதற்குள் வருகிறதா என்று கட்டண அட்டவணையைக் கையில் வைத்து வரிவரியாகக் கேளுங்கள். கடன் தொகைக்கும் மொத்தக் கட்டணத்துக்கும் இடையே விழும் பள்ளம்தான் ஒவ்வொரு தவணையும் வந்து நிற்கும்.

அந்தப் பள்ளத்துக்கு இரண்டு வழி. ஒன்று ஈ.பி.எஃப். 2024 மே 11 முதல் ஒவ்வொரு மாதச் சந்தாவும் மூன்றாகப் பிரிகிறது: ஓய்வுக் கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்தெரா கணக்குக்கு 15, பிளெக்சிபல் கணக்குக்கு 10. செஜாத்தெரா கணக்கிலிருந்து படிப்புக்கு எடுக்கலாம், அப்பா அம்மா தங்கள் கணக்கிலிருந்து பிள்ளைக்கும் எடுக்கலாம். கட்டணம், கணக்கிலுள்ள பணம் இவற்றில் எது குறைவோ அதுவரை கிடைக்கும். சேர்க்கைக் கடிதமும் கட்டண அட்டவணையும் கேட்பார்கள். பிளெக்சிபல் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒரு தடவைக்குக் குறைந்தது 50 வெள்ளி. 1,700 சம்பளத்தில் உங்கள் பங்கும் முதலாளி பங்கும் சேர்ந்து 24 விழுக்காடு போகும்போது மாதம் சுமார் 40 வெள்ளி அதில் விழும். அதைத் தொடாமல் விட்டால் ஒரு வருடத்தில் ஹாஸ்டல் முன்பணம் தேறிவிடும். சம்பளத்தைக் கையில் கொடுத்து சந்தா கட்டாத கடைகளில் வேலைக்குச் சேராதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது வழி, கல்வி உதவி தரும் அமைப்புகள். துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தாவோ அப்பாவோ பங்கு வாங்கியிருந்தால் அந்தப் புத்தகம் பெட்டியின் அடியில் கிடக்கும். எடுத்துக்கொண்டு போய் உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவியைப் பற்றிக் கேளுங்கள். எம்.ஐ.இ.டி. கல்விக் கடனையும் பாருங்கள்.

அடுத்து காகிதம். இதில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, எஸ்.பி.எம். சான்றிதழில் வேறொன்று. அன்றைக்குக் கிராணி (தோட்ட எழுத்தர்) காதில் விழுந்ததை எழுதிவைத்தார், இன்றைக்குக் கடன் கணினி ஏற்க மறுக்கிறது. இதைத் தேசியப் பதிவு இலாகாவில் சரிசெய்ய நாளாகும். விண்ணப்பிக்கும் மாதத்தில் கண்டுபிடித்தால் அந்தத் தவணை போய்விடும். எல்லாப் பத்திரத்தையும் ஒரே மேசையில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள், அப்பா பெயரையும் சேர்த்து. நகல்களைச் சான்றொப்பம் வாங்கி ஒரு கோப்பில் போட்டுவையுங்கள்.

உடம்புப் பரிசோதனைக்கும் முன்கூட்டியே கால அவகாசம் வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தம், சிறுநீர், நிறக்குருடு சோதனை. ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசிதான் பலரை மாட்டிவிடுகிறது. மூன்று ஊசி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் கழித்து மூன்றாவது. அதற்குப் பின் ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தம் பார்ப்பார்கள். 10க்குக் குறையாமல் வர வேண்டும். 1989 முதல் இந்த நாட்டில் குழந்தைகளுக்கே இந்த ஊசி போடப்படுகிறது, ஆகவே அம்மாவிடம் குழந்தைப் பருவ மருத்துவப் புத்தகத்தைக் கேளுங்கள். இருந்தால் இரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா என்று கிளினிக்கில் கேட்கலாம். கரையான் தின்றுவிட்டது என்றால், சேர்வதற்குக் குறைந்தது எட்டு மாதத்துக்கு முன்பே ஊசியைத் தொடங்குங்கள். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு நம் பெண் பிள்ளைகளுக்குச் சகஜம். அதையும் இப்போதே பார்த்துச் சரிசெய்தால் நல்லது. அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளி கட்டணம் 1 வெள்ளிதான், காத்திருக்கும் நேரம்தான் விலை. ஓய்வு நாள் ஒன்றை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

வேலையை எப்போது விடுவது? நேர்காணல் நன்றாகப் போனது என்பதற்காக விடாதீர்கள். சேர்க்கைக் கடிதம் கையில் வந்து, மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகு விடுங்கள். வேலை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியில்லாவிட்டால், இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவர்கள் 4 வாரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 6 வாரம். கொடுக்காமல் நின்றால் அதற்கான சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கல்லூரி திறக்கும் நேரத்தில் ஒரு மாதச் சம்பளம் குறைவது பெரிய அடி. தானாக வேலையை விடுகிறவர்களுக்கு சொக்சோவின் வேலை காப்புறுதிப் பணம் கிடையாது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

காத்திருக்கும் வாரங்களில் ஒரு புத்தகம் மட்டும் படிக்கலாம் என்றால் மருந்துக் கணக்கைப் படியுங்கள். வேண்டிய அளவைக் கையிலுள்ள அளவால் வகுத்து, அந்த மருந்து கரைந்திருக்கும் கன அளவால் பெருக்க வேண்டும். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ள சிரப்பில் 180 மில்லிகிராம் வேண்டுமென்றால் 7.5 மில்லிலிட்டர். நரம்பு வழி ஏற்றும் சொட்டு மருந்துக்கு, மொத்த மில்லிலிட்டரை ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை சொட்டு என்பதால் பெருக்கி, மொத்த நிமிடத்தால் வகுக்க வேண்டும். 500 மில்லிலிட்டர் 4 மணி நேரத்தில், மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில் என்றால் 10,000ஐ 240ஆல் வகுத்து நிமிடத்துக்கு 42 சொட்டு. மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றும்போது 1,000ஆல் பெருக்க மறப்பதுதான் எல்லாரும் தடுக்கி விழும் இடம். பாடமும் வார்டுக் குறிப்பும் ஆங்கிலத்தில் இருக்கும், நோயாளியிடம் பேச்சு பெரும்பாலும் மலாயில். உடல் உறுப்பு, நோய்க்குறி பெயர்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று பத்தியில் ஒரு நோட்டில் தினம் பத்தாக எழுதினால் முதல் தவணையில் பாதி பயம் குறையும்.

சேர்ந்த பிறகு பகுதி நேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வார்டுப் பயிற்சி தொடங்கியதும் காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 9, இரவு 9 முதல் காலை 7 என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், சனி ஞாயிறு லீவு என்பது உறுதியில்லை. பயிற்சிக்கு வராத நாட்களை ஈடு செய்தே ஆக வேண்டும், ஈடு செய்யாவிட்டால் வாரியத் தேர்வு தள்ளிப்போகும். தவணை விடுமுறையில் பழைய கிளினிக்கில் போய் நின்றால் போதும். அதனால்தான் வேலையை விடும்போது நல்ல பெயரோடு விட வேண்டும் என்கிறேன். கடன் பணம் முதல் தடவை கணக்கில் விழுந்ததும் வீட்டுக்கு ஏதாவது வாங்கித் தர ஆசை வரும், எனக்கும் வந்தது. அடுத்த தவணைப் பணமும் அதேபோல் தாமதமாகத்தான் வரும். ஆகவே அந்த மூன்று மாதத்துச் சாப்பாட்டுக் காசில் எடுத்ததை முதலில் அதே கணக்கில் திருப்பிப் போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் மட்டும் வீட்டுக்கு அனுப்புங்கள்.